தட்டு மின்னாத மத்தியானம்

இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எவர்சில்வர் தட்டைத் தேய்த்துக் கழுவி வைத்தாயிற்று, வைத்ததை எடுத்து ஸ்வெட்டர் கையால் மறுபடியும் துடைத்தாள் ஜெசிந்தா, துடைக்கத் துடைக்க அதில் தன் முகம் அகன்று நெளிந்து யாரோ ஒரு தடித்த பொம்பளையின் முகமாக வந்து நின்றதும் தட்டைப் படிக்கட்டில் கவிழ்த்துப் போட்டாள். இன்றைக்குப் பதில் காட்டப்போவதில்லை. காட்டாமலிருப்பதற்கு எதற்கு இத்தனை தேய்ப்பு என்றால், அது கையின் பழக்கம், முப்பத்தெட்டு நாளாக இந்த நேரத்துக்கு இந்தத் தட்டு, கைக்கு என்ன தெரியும். கட்டிலுக்கடியில் பை தயாராக இருந்தது, பிள்ளை லிவினின் துணி, பால் பவுடர் டப்பா, ஜெபமாலை, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குக் கோயமுத்தூர், அம்மா கதவைத் திறந்து என்னடி என்று கேட்பாள், சொல்லிக்கொள்ளலாம். முதலில் இரண்டு மணி ஆகட்டும். எதிரே புல்மேடு பனியில் கருகி எருமைத்தோல் நிறத்தில் கிடந்தது, மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரு வீடில்லை ஒரு வேலியில்லை, பள்ளத்துக்குப் பள்ளம் சோலைக்காடு கறுத்துச் சுருண்டிருந்தது, அதன் ஓரத்தில் காட்டுப்பூவரசு இரண்டு மட்டும் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே கிடாரிப்பாறை, கால் மடக்கிப் படுத்த கிடாரிக் கன்று மாதிரியே முதுகும் திமிலும் திருப்பி வைத்த தலையும். சனி ஞாயிறில் அணைக்கு வருகிற டூரிஸ்ட்டுகள் இங்கே நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள், என்ன அழகு என்கிறார்கள், உங்களுக்கென்னம்மா சொர்க்கத்திலேயே குடியிருக்கிறீர்கள் என்று ஒருத்தி போன ஞாயிறு சொல்லிவிட்டுப் போனாள். காட்டிலாகாவின் மூன்று குவார்ட்டர்ஸ், அதில் ஒன்றுக்குக் கூரை கிடையாது, இதுதான் சொர்க்கம். அந்தப் பாறையின் திமிலில்தான் தீக்காவல் கொட்டகை, அங்கேதான் அவள் புருஷன் சூசை, ஃபாரஸ்ட் கார்டு வேலை, தை பிறந்ததிலிருந்து பகல் முழுக்க இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவனோடு தினக்கூலித் தீக்காவலுக்கு ஒரு பொம்பளை, தவமணி. அவர்கள் இரண்டு பேர்தான். பாறைக்கு இந்தப் பக்கம் வயர்லெஸ் எடுக்காது, அதனால் தினம் இரண்டு மணிக்குக் கண்ணாடியை வெயிலில் காட்டி மூன்று மின்னு மின்னுவேன், நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம், நீ தட்டைக் காட்டு, நீயும் பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு எனக்கு அர்த்தம் என்று சூசைதான் ஏற்பாடு செய்தான். அது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது, காலையில் ஜீப் டிரைவர் போஜன் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே வாயைத் திறக்கிறவரை. “செவ்வாய்க்கிழமை சாரை ரேஞ்ச் ஆபீஸ்ல உக்கார வெச்சுட்டாங்க மேடம், பத்து மணிக்கு இறக்கிவிட்டேன், நாலு மணிக்குத்தான் விட்டாங்க, பசியில என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணிட்டாரு, வீட்ல சோறே போடறதில்லையா?” என்று சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் பாறையில் மூன்று மின்னு மின்னியது, அவள் தட்டைக் காட்டினாள், குழந்தையின் கையைப் பிடித்து அப்பாவுக்கு டாட்டா காட்டினாள். “இன்னிக்கும் சார் பாறையில இல்லீங்க, மலைக்கு அந்தப் பக்கம் தீ பரவாம தீக்கோடு வெட்டுற ஆளுங்களோட இருக்காரு, சாயங்காலம் லாரியில கீழ்ரோட்டு வழியாத்தான் வருவாரு,” என்றும் சொல்லிவிட்டுப் போனான் போஜன். ஆகவே இன்றைக்கு இரண்டு மணிக்குப் பாறை மின்னினால் அது தவமணிதான். மின்னாமல் போனால், மின்னாமல் போகட்டும் மாதாவே, செவ்வாய்க்கிழமையை நான் தப்பாக நினைத்துக்கொண்டேன் என்று இருந்துவிடுகிறேன், அது திங்கட்கிழமையாக இருக்கட்டும்.

மின்னியது. ஒன்று, கண்ணைக் குத்துகிற மாதிரி. இரண்டு. மூன்று. அவள் அசையவில்லை, தட்டுக் கவிழ்ந்தே கிடந்தது, கொடியில் லிவினின் துணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, பாறை ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மூன்று மின்னியது. அது ஜெசிந்தாவின் கண்ணாடி. சிவப்புப் பிளாஸ்டிக் வளையம் போட்ட உள்ளங்கையகலக் கண்ணாடி, ஹாஸ்டலில் கண்ணாடி வைத்துக்கொள்ளக் கூடாது, சிஸ்டர் பிலோமினா பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துச் சோதனை போடுவார், அவள் அதை மறைக்கல்வி நோட்டின் அட்டைக்குள் தைத்து வைத்து ஏழு வருஷம் காப்பாற்றினாள், ராத்திரி ஜெபத்துக்குப் பின் போர்வைக்குள் அதில் ஒரு கண்ணை மட்டும் பார்த்துக்கொள்வாள், முழு முகத்துக்கு வெளிச்சம் போதாது. அதைக் கல்யாணமாகி எட்டாம் நாள் சூசையிடம் கொடுத்தபோது, இதென்ன பிரமாதம் என்பதுபோல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான், அவளுக்கு அது பிரமாதம்தான், அவளிடம் வேறென்ன ரகசியம் இருந்தது கொடுப்பதற்கு. இப்போது அது தவமணியின் கையில். தவமணியின் கை அவளுக்கு நன்றாகத் தெரியும், புகை ஏறிக் கறுத்து, கட்டைவிரல் நகம் பிளந்து, ஆனால் அந்தக் கை பட்டால் லிவின் அழுகையை நிறுத்துகிறான். பெற்றவள் இவள், வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், இவள் தோளில் ஏழு மாசப் பிள்ளை முறுக்கி முறுக்கி அழுகிறான், அவள் வழியில் போகிறபோது ஒரு நிமிஷம் கொடுங்கக்கா என்று வாங்கினால் வாயைக் கூட்டிக்கொண்டு அவள் காதுத்தோட்டைப் பார்க்கிறான். அக்கா. அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும், இவளுக்கு இருபத்துமூன்று, கார்டு பொண்டாட்டி என்பதால் அக்கா. சிலோனிலிருந்து வந்த குடும்பம், புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவன் போனவன்தான், பிள்ளை கிடையாது, மலையில் ஆட்டுக்கடா மாதிரி ஏறுவாள், சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. அந்தச் சட்டை யாருடைய சட்டை என்று இதுவரைக்கும் யோசித்ததில்லையே, காக்கி, சூசையிடம் மூன்று காக்கிச் சட்டை இருந்தது, இரண்டைத்தான் துவைக்கிறாள், மூன்றாவது எங்கே, ஆணியில் கிழிந்தது, கரித்துணியாக்கியது இவள்தான், ஆமாம் இவள்தான், சரி, சட்டை இல்லை. ஆனாலும் பாறையில் பகலெல்லாம் இரண்டு பேர், வெயில், புல், காற்று, கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடையாது, அவன் அவளிடம் என்ன பேசுவான். வீட்டில் அவன் பேசுவது நான்கே விஷயம்தான், சோறு, விறகு, பிள்ளை, ரேஞ்சர். மிச்சத்தையெல்லாம் அங்கே பேசிவிட்டுத்தான் வருகிறானோ. தலையான பாவங்கள் எத்தனை, ஏழு, அவை என்ன, சிஸ்டர் பிலோமினா ஸ்கேலை மேசைமேல் தட்டுவார், எல்லாரும் கோரஸாக ஒப்பிப்பார்கள், நடுவில் காய்மகாரம் என்று வரும், அந்த வயதில் அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியாது, பிறத்தியார் நன்மையைப் பார்த்து விசனப்படுவது என்று ஒப்பித்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கினாள். விசனமா அது. எரிகிறது, பால் கட்டிக்கொண்ட மாரைப்போல விண்ணென்று தெறிக்கிறது. பாறை மூன்றாம் தடவையாக மின்னியது. மின்னிக்கொள்ளட்டும், இனி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இதில் கேவலம் என்னவென்றால் தவமணிக்கு அவள் கடன்பட்டவள், காசுக்கடனாக இருந்தால் கம்மலை விற்றுத் தீர்த்திருக்கலாம். இந்த இடத்துக்குக் குடிவந்த பத்தாம் நாள், கார்த்திகை கடைசி, அப்போது மின்னுகிற ஏற்பாடெல்லாம் கிடையாது, சூசை விடியற்காலை பாறைப்பக்கம் போனவன் மூன்று மணியாகியும் வரவில்லை, அவளுக்குப் பயம் வந்துவிட்டது, அந்தப் பயத்துக்கு லிவின் பிறந்த நாளிலிருந்து அவளுக்குள்ளேயே குடித்தனம், குளிப்பாட்டுகையில் பிள்ளை கையை வழுக்கிப் போய்விடும், தூங்குகிற பிள்ளை மூச்சு விடவில்லை, கதவு தாழ் போடவில்லை, போட்டேன், போடவில்லை, அன்றைக்கு அது சூசை செத்துக் கிடக்கிறான் என்று சொல்லிற்று, யானை, கரடி, பாறை வழுக்கல், எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிற்று, அவள் பிள்ளையைச் சால்வையில் கட்டிக்கொண்டு நேராகப் பாறையைப் பார்த்து நடந்தாள். நேராகப் போகக் கூடாது. குவார்ட்டர்ஸுக்கும் பாறைக்கும் நடுவில் உளை இருக்கிறது, பச்சைப் பசேலென்று, புல்மேட்டிலேயே அழகான இடம் அதுதான், பாய் விரித்த மாதிரி இருக்கும், கீழே இடுப்புக்குமேல் கறுப்புச் சேறு. நடுவில் மாட்டுநாக்கு மாதிரி ஒரு நீளத் திட்டு மட்டும் கெட்டித்தரை, தெரிந்தவர்கள் அதில்தான் வருவார்கள். முதல் கால் இறங்கியபோது குளிர்தான் தெரிந்தது, இரண்டாம் கால் இறங்கியபிறகு குனிந்து பார்த்தால் தொடை இல்லை. கத்தவில்லை அவள், கத்தினால் பிள்ளை பயப்படுமே என்று நினைத்தாள், பைத்தியக்காரி. சீகைமரம் வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தவமணிதான் பார்த்தாள், ஓடி வரவில்லை, மெதுவாக வந்து குப்புறப் படுத்துத் தன் முண்டாசை வீசி, முதல்ல புள்ளையக் குடுங்க என்றாள், இவள் கொடுக்கவில்லை, புள்ளையக் குடுங்கக்கா, அப்பத்தான் உங்கள இழுக்கலாம், கொடுத்தாள். லிவினை வாங்கிப் பின்னால் புல்லில் கிடத்திவிட்டு இவளை இழுத்துப் போட்டாள், கன்று ஈன வைப்பதுபோல ஆத்திரமில்லாத இழுப்பு. அப்புறம் வீடுவரைக்கும் பிள்ளையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள், இவள் சேறு சொட்டச் சொட்டப் பின்னால் வந்தாள், பிள்ளை அழவேயில்லை, ஒரு சத்தம்கூட, வழியெல்லாம் அந்தத் தோளின்மேல் இரண்டு கண் தெரிந்தது, தன்னையே பார்த்துக்கொண்டு, யார் நீ என்று கேட்பதுபோல. அன்றைக்கே ஆரம்பித்தது இது. சூசையைப் பற்றிய சந்தேகம் இன்றைக்கு வந்தது, பிள்ளையைப் பற்றியது அன்றைக்கே வந்துவிட்டது.

பாறை தெரியவில்லை. எப்போது போயிற்று என்று அவள் பார்க்கவில்லை, மலையாளப் பக்கத்திலிருந்து மூடுபனி, இங்கத்து வாயில் மஞ்சு, ஏறி வந்து கிடாரியின் தலையை நக்கி, திமிலை நக்கி, இப்போது உளைவரைக்கும் வந்துவிட்டது, காட்டுப்பூவரசின் சிவப்பு மட்டும் ஒரு நிமிஷம் தனியாக மிதந்தது, அதுவும் போயிற்று. மூன்றாக ஐந்து நிமிஷம். வாசலில் மரச்சட்டத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு ஈரத்தில் கறுக்க ஆரம்பித்தது. மஞ்சு இறங்கினால் கீழே இருக்கிறவர் அந்த இரும்பை அடிக்க வேண்டும், மேலே இருக்கிறவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாக்குத்திட்டின் வழியாக இறங்கி வருவார், சத்தம் இல்லாவிட்டால் கொட்டகையிலேயே கிடக்க வேண்டும், அல்லது உளையைக் காலால் தடவிக்கொண்டு வர வேண்டும், இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. வழக்கமாக அடிப்பது பக்கத்து வீட்டு வாட்சர் மாரப்பனின் மனைவி, அவர்கள் காதுகுத்துக்கு மஞ்சூர் போய்விட்டார்கள், நாளைக்குத்தான் வருவார்கள். சூசை அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான், “மூணு அடி அடி, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் நிறுத்து, மறுபடி மூணு. உனக்குத்தான் அந்த அளவு கரெக்டா வரும், கான்வென்ட்ல அதைத்தானே சொல்லிக் கொடுத்தாங்க.” அவள் சம்மட்டியை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். சூசை அங்கே இல்லை, சூசை கீழ்ரோட்டில் பத்திரமாக வருவான், மேலே இருப்பவள் அவள் மட்டும்தான், கொட்டகை இருக்கிறது, கம்பளி இருக்கிறது, கிடக்கட்டும், ஒரு ராத்திரி கிடந்தால் என்ன, பாறையும் அவளும்தானே உறவு. வாய் தன்பாட்டுக்கு அருள் நிறைந்த மரியேயைச் சொல்ல ஆரம்பித்திருந்தது, அடிக்காமலே, ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, இடையில் இரும்பு ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, மஞ்சு கொடித்துணிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தது. ஏழு. எட்டு. விறைத்துச் சாக மாட்டாள், விறைக்கிற பனியெல்லாம் மார்கழியோடு சரி. ஆனால் புல் இன்றைக்குக் காலையில்கூட வெள்ளையாக இருந்ததே. பதினொன்று. நான் என்ன செய்தேன், ஒன்றும் செய்யவில்லையே, சிஸ்டர், நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யத் தவறியதைப் பற்றிச் சிஸ்டர் பிலோமினா ஒரு நாள் முழுக்கப் பேசினார், அது வேறு பாடம். இருபது. அணைப்பக்கம் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது, வந்து நிற்கிறது, டிரைவர் டீ குடிப்பார், இப்போது பையை எடுத்தால் பிடித்துவிடலாம். எடுத்தால் வாசலில் இரும்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எடுக்கவில்லை, ஏனென்றால் ஒரு கணக்கு வந்து காலில் சிக்கிக்கொண்டது. முப்பத்தெட்டு நாளில் எது அவன், எது அவள். அதைப் பிரித்துவிட முடியும் என்று திடீரென்று தெரிந்தது, ஏனென்றால் அந்த மின்னல்கள் ஒரே மாதிரி இருந்ததில்லை, அது அவளுக்கு முன்பே தெரியும். சில நாள் மூன்றும் படபடவென்று வந்துவிடும், தபால் ஆபீசில் முத்திரை குத்துவதுபோல, குத்திவிட்டு ஆள் போய்விடும். சில நாள் அப்படியில்லை. ஒன்று, அப்புறம் ஒரு மூச்சுவிடுகிற நேரம். இரண்டு, ஒரு மூச்சு. மூன்றாவது போகாது, அங்கேயே நிற்கும், நடுங்கிக்கொண்டு நிற்கும், இவள் தட்டைத் தூக்கி வெயிலைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவரைக்கும் நிற்கும், பதில் கிடைத்ததும் ஒரு சின்ன சிமிட்டல், அப்புறம்தான் அணையும். அந்த நாட்களில் அவள் பாத்திரம் விளக்கும்போது பாடுவாள். வாயில் நான்கு விஷயம்தான் வருகிறது, ஆனால் மனசு எப்படி நிற்கிறது பார் என்று நினைத்துக்கொள்வாள், சாயங்காலம் சூசை வந்தால் ஒரு ஆம்லெட் கூடுதலாகப் போடுவாள், அவன் என்ன விசேஷம் என்பான், ஒன்றுமில்லை என்பாள். செவ்வாய்க்கிழமை நின்றது. இன்றைக்கு மூன்று தடவையும் நின்றது. அப்படியானால் நின்றதெல்லாம் தவமணி. குத்திவிட்டுப் போனதெல்லாம் சூசை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யார்மேல் பொறாமைப்பட வேண்டும் என்றே தெரியாமல் போய்விட்டதே, புருஷன் அவளுக்கு எதைக் கொடுத்தான் என்று காலையிலிருந்து துருவிக்கொண்டிருந்தாள், அவன் இவளுக்கே கொடுக்காததை அந்தப் பிளந்த நகக்காரி அல்லவா இத்தனை நாளாக இவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், இவளும் தட்டைத் தேய்த்துத் தேய்த்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது இன்னும் அதிகமாக எரிந்தது, அதுவும் அவளுக்குத்தான் நன்றாக வருகிறதா, பிள்ளையை அமர்த்துவது, சேற்றிலிருந்து இழுப்பது, காத்துக்கொண்டு நிற்பது, எல்லாமே. எரிந்துகொண்டே எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சம்மட்டியை ஒரு கையால் தூக்கினாள். மூன்று. லிவின் அதிர்ந்து இவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டான், இவள் கழுத்தைத்தான், அருள் நிறைந்த மரியே, மூன்று, தோள்பட்டையில் ஆணி இறங்கியது, மூன்று, ஹார்ன் இன்னொரு தடவை கேட்டது, பஸ் வளைவில் முனகிக்கொண்டு இறங்கிப் போயிற்று, மூன்று, எத்தனை முறை என்று எண்ணவில்லை, எண்ணினால் எத்தனை அடிக்காமல் விட்டோம் என்ற இன்னொரு எண்ணிக்கையும் வந்துவிடும். மஞ்சுக்குள்ளிருந்து விசில் வந்தது. எதிர்பார்த்த இடத்திலிருந்து இல்லை, வெகு பக்கத்தில், இடது கைப்பக்கம், நாக்குத்திட்டு இல்லாத பக்கம். அவள் கை நின்றுவிட்டது, பிறகு வெறிபிடித்ததுபோல் அடித்தாள், நிறுத்தாமல், மரியே இல்லாமல்.

தவமணி மஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள், முதலில் முண்டாசு, பிறகு சட்டை, இடது கால் இடுப்புவரைக்கும் கறுப்பாக இருந்தது, வெறுங்கால். படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கவிழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்துவிட்டு அதை எடுத்து ஓரமாக நிமிர்த்தி வைத்தாள்.

“செருப்பு உள்ள போயிருச்சுக்கா,” என்றாள். “போன மாசந்தான் வாங்குனது, கோத்தகிரிச் சந்தையில. இனி அது உளைக்குச் சொந்தம்.”

“மஞ்சு இறங்கினா பாறையிலேயே இருக்கணும்னுதானே,” என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள், சம்மட்டியைக் கீழே வைத்தாள். “எதுக்கு இறங்குனீங்க?”

“அப்ப எங்க மஞ்சு, நல்ல வெயிலு. ரெண்டு மணிக்கு மின்னுனேன், உங்க தட்டு வரல. இன்னொருக்கா மின்னுனேன். அஞ்சு தரம். புள்ளைக்கு என்னமோன்னு நெனச்சேன், நெனச்சப்புறம் காலு நிக்குமா. பாதி தூரம் வந்தாச்சு, அங்க வெச்சு மூடிருச்சு.” காலைப் புல்லில் தேய்த்தாள். “அங்கயே நின்னேன். இரும்பு வரும் வரும்னு நின்னேன். ரொம்ப நேரம் வரல, சரி, யாரும் இல்ல போலிருக்குன்னு ஒரு எட்டு வெச்சேன், இறங்கிருச்சு.”

“இவன் தூங்கிட்டிருந்தான். எழுந்துருவானேன்னு.”

தவமணி லிவினைப் பார்த்தாள். அவன் கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை. “ஆமா,” என்றாள், “புள்ள தூங்கையில இரும்பு அடிக்க முடியாதுல்ல.” அது குத்தலா இல்லையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. பிறகு இடுப்புச் செருகலை அவிழ்த்துத் துணியில் சுற்றியிருந்த கண்ணாடியை எடுத்தாள், அதன்மேல் ஒரு சொட்டுச் சேறு இல்லை. “உங்களுதுதானேக்கா. சாரு எங்கயாவது தொலைச்சுருவேன்னு எங்கிட்டக் குடுத்து வெச்சாரு. நான் இல்லாத நாளு நீ மின்னிரு, இல்லாட்டி அவ புள்ளையத் தூக்கிட்டு மறுபடியும் உளைக்குள்ள எறங்கிருவா, ஆனா சொல்லிறாத, பயந்துக்குவான்னாரு. இப்ப சொல்லிட்டேன். நீங்க கேட்டதாக் காட்டிக்காதீங்க.”

“எத்தனை நாள்?”

“யாரு எண்ணுனா. சாரு அங்க எங்க உக்காருறாரு, ஓடிக்கிட்டேல்ல இருப்பாரு. உங்க தட்டு மின்னுனா எனக்குச் சோறு இறங்கும், அவ்வளவுதான்.”

கண்ணாடியை நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு ஜெசிந்தா நின்றாள், நகம் பிளந்த கட்டைவிரல், சிவப்பு வளையம். வாங்கிக்கொள்ளலாம், வாங்கினால் நாளைக்கு இரண்டு மணிக்குப் பாறையில் ஒன்றுமிருக்காது, அல்லது சூசையின் முத்திரைக்குத்து மட்டும் இருக்கும். “உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்று சொல்லியாயிற்று, சொன்ன பிறகு அந்தக் கண்ணாடிக்காக நெஞ்சு அடித்துக்கொண்டது. காலுக்குத் தண்ணீர் சுட வைக்க வேண்டும், சூசையின் பழைய செருப்பு ஒன்று கட்டிலுக்கடியில் பைக்குப் பின்னால் கிடக்கிறது, அதை எடுக்கப்போனால் பையையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் லிவின் புகைவாசனையைக் கண்டுகொண்டுவிட்டான், உடம்பை வளைத்து, இரண்டு கையையும் முன்னால் போட்டு அவள் பக்கமாகத் தாவினான். தவமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், “சேறுக்கா, வேணாம்,” என்றாள். ஜெசிந்தா பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். அவன் உடனே அடங்கிக் காதுத்தோட்டைப் பார்க்க ஆரம்பித்தான், அவள் குனிந்து அவன் உச்சியில் மூக்கை வைத்தாள், ஜெசிந்தா பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள், மஞ்சு மூன்று பேரையும் மூடிக்கொண்டு வந்தது, இவள் விரல்கள் மட்டும் பிள்ளையின் ஸ்வெட்டர் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன, விடவில்லை.